தங்க இலையும் செம்புத் தகடும்

அன்று சனிக்கிழமை. சிறப்பு வகுப்பு முடிந்து, கையில் அப்பியிருந்த சாக்பீஸ் தூளைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தேன். பின்னால் "டீச்சர்" என்று ஒரு குரல். திரும்பினால், ஒன்பதாம் வகுப்பு மாரிச்செல்வியின் அம்மா காளீஸ்வரி. பட்டாசுக் கம்பெனியில் வேலை முடிந்து அப்படியே வந்திருந்தார். நகக்கண்களில் அலுமினியத் தூள் வெள்ளியாக மின்னியது.

"வாங்கம்மா. என்ன விஷயம்?"

"ஒரு லெட்டர் வேணும் டீச்சர். ஸ்கூல் சீல் வச்சு."

இது எங்களுக்கு வழக்கமான விஷயம். வங்கிக் கணக்கு தொடங்க, உதவித்தொகை வாங்க, பஸ் பாஸுக்கு என்று வாரம் நாலு பேராவது லெட்டர் கேட்டு வருவார்கள். "எதுக்கும்மா?" என்று கேட்டேன்.

"எங்க ரூம் வாசல்ல இருக்கிற தகட்டைத் தொட்டுட்டு உள்ள போறது மூடநம்பிக்கைன்னு நீங்க சொன்னீகள்ல, அதை அப்படியே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க. போர்மேன் கேக்குறாரு."

"எந்தத் தகடு?"

"செம்புத் தகடு டீச்சர். வெடிக்குள்ள மருந்து செலுத்துற ரூம் வாசல்ல அடிச்சிருக்கு. அதுலருந்து ஒரு வயரு மண்ணுக்குள்ள போகும். அதுல உள்ளங்கைய வச்சு எடுத்துட்டுத்தான் உள்ள போகணும்பாக. நாங்க நாலு பேரு ஒரு வாரமாத் தொடுறதில்ல. இன்னைக்கு போர்மேன் பாத்துட்டுச் சத்தம் போட்டாரு. சயின்ஸ் டீச்சரே சொல்லிட்டாகன்னு சொன்னேன். அப்படின்னா எழுதி வாங்கிட்டு வான்னுட்டாரு."

செம்பு, வயர், மண். எட்டாம் வகுப்புப் பாடம். புத்தகத்தில் புவித்தொடுப்பு என்று இருக்கும், எலெக்ட்ரீசியன் எர்த் என்பார். உடம்பில் சேர்ந்திருக்கும் நிலைமின்சாரம் அந்தத் தகடு வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இறங்காமல் உள்ளே போய் எதையாவது தொட்டால், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறி போதும். உள்ளே இருப்பது வெடிமருந்து.

குழாயை மூட மறந்து நின்றேன். தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒழித்த மூடநம்பிக்கை

இருபது வருடத்துக்கு மேல் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருப்பாளா என்று நீங்கள் கேட்கலாம். சொன்னேன். அதுவும் சும்மா சொல்லவில்லை, போட்டோவோடு சொன்னேன்.

அதற்குப் பத்து நாள் முன்பு எங்கள் பள்ளிக்கு ஆய்வுக்கு ஓர் அதிகாரி வந்திருந்தார். விஸ்வநத்தம் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அதிகாரிகள் அவ்வளவு தூரம் வருவதே அபூர்வம், வந்தால் சீக்கிரம் கிளம்பத்தான் பார்ப்பார்கள். இவர் கொஞ்சம் நின்று பார்க்கிற ரகம். ஆய்வகத்துக்குள் பிள்ளைகள் எப்படிப் போகிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்றார்.

பிள்ளைகள் ஆய்வகத்துக்குள் போனதே இல்லை என்பதை அவரிடம் சொல்ல முடியுமா? ஒன்பதாம் வகுப்பை வரிசையில் நிறுத்தி அழைத்துப் போனேன். வாசலில் ஒரு இரும்புக் கம்பிக் கதவு. ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மாரிச்செல்வி மட்டும் நின்று, உள்ளங்கையைக் கம்பியில் அழுத்தி வைத்து, ஒரு மூச்சு விட்டு, பிறகு உள்ளே போனாள்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். "என்னங்க இது? சயின்ஸ் லேப் வாசல்ல தொட்டுக் கும்பிட்டுட்டுப் போறா? நீங்க எதுவும் சொல்றதில்லையா?"

நான் உடனே சொல்ல ஆரம்பித்துவிட்டேன். அறிவியல் மனப்பான்மை என்றால் என்ன, இரும்பைத் தொட்டால் என்ன வந்துவிடும், தொட்டால் நல்லது நடக்கும், தொடாவிட்டால் கெட்டது நடக்கும் என்று நம்புவதற்கு என்ன பெயர் என்று வரிசையாகக் கேட்டேன். வகுப்பே "மூடநம்பிக்கை டீச்சர்" என்று ஒரே குரலில் சொன்னது.

"எங்கம்மாவும் தொடுவாங்க டீச்சர், கம்பெனியில..." என்று மாரிச்செல்வி ஆரம்பித்தாள்.

"எதிர்த்துப் பேசாதே. அம்மாகிட்டயும் போய்ச் சொல்லு, இது மூடநம்பிக்கைன்னு" என்றேன்.

அவள் அம்மா ஏதோ கோயில் கதவைத் தொடுகிறார் என்று நான் நினைத்துக்கொண்டேன். கம்பெனி என்ற வார்த்தை காதில் விழுந்தது. ஆனால் அதிகாரி பக்கத்தில் நிற்கும்போது காது அந்த மாதிரி வார்த்தைகளை உள்ளே விடாது. மாரிச்செல்வியை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, "இனிமே தொட மாட்டேன்" என்று சொல்ல வைத்தேன். தலைமையாசிரியர் செல்போனில் படம் எடுத்து, 'மூடநம்பிக்கை ஒழிப்பு விழிப்புணர்வு நிகழ்ச்சி' என்று தலைப்புப் போட்டு அன்றைக்கே ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றினார். மற்ற பள்ளிகளிலிருந்து கைதட்டல் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. நானும் பெருமையாகத்தான் பார்த்துக்கொண்டேன், எதற்கு மறைக்க வேண்டும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்தக் கம்பிக் கதவுக்கு நேர் மேலே, நிலைப்படியில், எலுமிச்சம்பழமும் ஏழு மிளகாயும் கோத்துத் தொங்கிக்கொண்டிருந்தன. ஆயுத பூஜைக்குத் தலைமையாசிரியர் கட்டியது. அதிகாரி அதன் அடியில்தான் குனிந்து வந்தார். மிளகாய் அவர் தலைமுடியில் லேசாக உரசியது. அதைப் பற்றி அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

பொருளுக்கு நல்லவர்

போன வாரம் இந்தத் தொடரில் எழுதிய சத்துணவுக் கூடத்து விவகாரத்தைப் படித்துவிட்டு, "உங்களுக்கு ஒரு நல்ல தலைமையாசிரியர்கூட வாய்த்ததில்லையா?" என்று விருதுநகர் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். வாய்த்தார். இவர் நல்லவர்தான். முக்கியமாகப் பொருட்களுக்கு நல்லவர்.

எங்கள் பள்ளிக்கு அறிவியல் உபகரணங்களுக்குக் குறைவே கிடையாது. கண்ணாடிக் குடுவைகள், சோதனைக் குழாய்கள், காந்தங்கள், லென்ஸுகள் என்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கியிருக்கின்றன. எல்லாமே ஒரு பச்சை பீரோவுக்குள், வந்தபோது சுற்றியிருந்த பேப்பரோடு இருக்கும். சாவி தலைமையாசிரியர் இடுப்பில் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை பீரோவைத் திறந்து, எண்ணி, ஸ்டாக் ரிஜிஸ்டரில் டிக் அடித்து, மறுபடி பூட்டிவிடுவார். அந்தக் குழாய்களுக்குத் தாங்கள் எதற்குப் பிறந்தோம் என்றே தெரிந்திருக்காது.

உடைப்புப் பதிவேடு என்று ஒன்று உண்டு. எந்தப் பொருள், எப்போது, எப்படி உடைந்தது என்று எழுதுவதற்கானது. எங்கள் பள்ளியில் அது முதல் பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை வெள்ளையாக இருக்கும். வருகிற அதிகாரிகளிடம் எல்லாம் அதை விரித்துக் காட்டுவார். "நான் வந்ததுலருந்து ஒரு டியூப் உடையல சார்." அவர்களும் பாராட்டிவிட்டுப் போவார்கள்.

ஸ்மார்ட் போர்டு ஒன்றும் வந்தது. தூசி படாமல் இருக்க அதற்குப் பூப்போட்ட துணியில் உறை தைத்துப் போட்டார். உறையின் மேல் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பிளாஸ்டிக் எலும்புக்கூடு ஒன்று உண்டு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்று அதைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தார். அதன் முதுகைப் பார்த்தே எங்கள் பிள்ளைகள் விலா எலும்பை எண்ணக் கற்றுக்கொண்டார்கள்.

இதில் உச்சம் தங்க இலை நிலைமின்காட்டி. ஒரு கண்ணாடிக் குடுவை, அதன் மூடியில் செருகிய உலோகக் கம்பி, கம்பியின் மேல் ஒரு தட்டு, கீழ் நுனியில் மெல்லிய இரண்டு இலைகள். மின்னூட்டம் இருந்தால் இலைகள் விரியும், இல்லாவிட்டால் சேர்ந்து தொங்கும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் பட்டியலில் 'தங்க இலை' என்று இருந்ததைப் படித்த நாளிலிருந்து தலைமையாசிரியருக்குத் தூக்கம் போயிற்று. பச்சை பீரோவை நம்பாமல், வினாத்தாள் வைக்கிற இரும்புப் பெட்டிக்குள் அதை மாற்றினார். "எத்தனை கிராம்னு போடல டீச்சர். நாளைக்கு ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும்" என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

அது வெறும் அலுமினியத் தாள் சார் என்று நான் சொல்லிப் பார்த்தேன். அலுமினியத்துக்கு எதற்குத் தங்கம் என்று பெயர் வைக்கப் போகிறார்கள் என்று கேட்டார். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

கண்டேன், கண்டேன்

அவரை மட்டும் கேலி செய்துவிட்டுப் போனால் அது நியாயமில்லை. என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது மல்லாங்கிணறில். எங்கள் பள்ளியிலும் ஆய்வகம் உண்டு, அதில் மழைக்காலத்தில் விறகுக்கான பருத்தி மாரை, காய்ந்த பருத்திச் செடிகளை, அடுக்கி வைப்பார்கள். செய்முறைத் தேர்வுக்கு ரெக்கார்டு நோட்டு எழுத வேண்டும். மேல் வகுப்பு அக்காவிடம் நோட்டை வாங்கி, 'நிறமற்ற வாயு நுரைத்து வெளியேறுவதைக் கண்டேன்', 'நீல லிட்மஸ் சிவப்பாக மாறுவதைக் கண்டேன்' என்று பக்கம் பக்கமாக எழுதினேன். எதையும் கண்டதில்லை. கையெழுத்து அழகாக இருக்கிறது என்று முழு மதிப்பெண் கிடைத்தது. அந்த மதிப்பெண்தான் என்னை அறிவியல் ஆசிரியை ஆக்கியது.

ஆசிரியை ஆன பிறகும் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. நிலைமின்சாரப் பாடத்துக்கு என்னிடம் ஒரு சார்ட் இருந்தது. சிவகாசியிலேயே ஆஃப்செட்டில் அடித்த, பளபளவென்று இருக்கிற சார்ட். ஊர் உலகத்துக்கெல்லாம் இங்கிருந்துதான் இருதயமும் நுரையீரலும் லோடு லோடாகப் போகின்றன. அந்த சார்ட்டில் ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன் ஏதோ உருண்டையைத் தொட்டு நிற்பான். அவன் தலைமுடி எல்லாம் குத்திட்டு நிற்கும். எங்கள் வெயிலில் ஸ்வெட்டரோடு நிற்கிற அவனைப் பார்த்து பிள்ளைகள் பாவப்பட்டார்களே தவிர, முடி ஏன் நிற்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அடுத்து சீப்பு. சீப்பைத் தலையில் தேய்த்தால் காகிதத் துண்டுகளை இழுக்கும் என்று புத்தகத்தில் இருக்கிறது. நான் கரும்பலகையில் ஒரு சீப்பு வரைந்தேன். பல் பல்லாக, நிதானமாக வரைந்தேன். அப்போது என் கைப்பையில் ஒரு சீப்பு இருந்தது.

அதை ஒருநாளாவது எடுத்துத் தேய்த்திருந்தால், மாரிச்செல்வி எழுந்து, "டீச்சர், இதுக்காகத்தான் எங்கம்மா கம்பெனியில தகட்டைத் தொடுறாங்க" என்று சொல்லியிருப்பாள். அந்த வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் பட்டாசு வேலைக்குப் போகிறவர்தான். நான் விருதுநகரிலிருந்து தினமும் அந்தச் சாலையில் பஸ்ஸில் போய் வந்தவள். ஜன்னலுக்கு வெளியே கம்பெனி போர்டுகள் வரிசையாக ஓடும். தீபாவளிக்குக் கிஃப்ட் பாக்ஸ் வாங்க கேட் வரைக்கும் போயிருக்கிறேன். கேட்டுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எதை எடுத்துக்கிறது?

குழாயடிக்குத் திரும்புவோம்.

காளீஸ்வரியை உட்கார வைத்து, நிலைமின்சாரம் என்றால் என்ன, தகடு எதற்கு என்று படபடவென்று சொன்னேன். எலெக்ட்ரான், மின்னூட்டம், மின்னிறக்கம் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"அன்னைக்குப் புள்ளகிட்ட ஒண்ணு சொன்னீக. இன்னைக்கு எங்கிட்ட ஒண்ணு சொல்றீக. ரெண்டுல எதை டீச்சர் நாங்க எடுத்துக்கிறது?"

"இதைத்தான்மா. அது நான் தெரியாமச் சொன்னது."

"இதைத் தெரிஞ்சு சொல்றீகன்னு நாங்க எப்படி நம்புறது?"

கோபமாகக் கேட்கவில்லை. சந்தேகமாகத்தான் கேட்டார். அவருக்கு இதில் ஒரு சிக்கல் இருந்தது. தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து கிடக்கிறது. "வெரசா வேலையப் பாருன்னும் போர்மேன்தான் சொல்றாரு, நின்னு தொட்டுட்டுப் போன்னும் அவர்தான் சொல்றாரு. ஒரு நாளைக்கு எத்தனை தடவ உள்ள வெளிய போறோம்? நீங்க சொன்னது எங்களுக்கு வசதியாப் போச்சு. படிச்சவுக சொன்னா சரியாத்தான இருக்கும்னு விட்டுட்டோம்" என்றார்.

ஒரு வாரமாக நாலு பெண்கள், என் ஒரு வார்த்தையை நம்பி, வெறும் கையோடு வெடிமருந்து ரூமுக்குள் போய் வந்திருக்கிறார்கள். நான் அந்த ஒரு வாரமும் வீட்டில் நிம்மதியாகக் காபி குடித்திருக்கிறேன்.

"நாளைக்கு உங்களுக்கு லீவுதானே? அந்த மூணு பேரையும் கூட்டிட்டு ஸ்கூலுக்கு வாங்க. கண்ணால காட்டுறேன்" என்றேன்.

"லெட்டரு?"

"அதையும் நாளைக்கே தர்றேன்."

பொறுப்பு என்னுடையதே

அன்று மாலையே விருதுநகரில் தலைமையாசிரியர் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். முகம் வாடிவிட்டது. நாலு பெண்களை நினைத்துத்தான் வாடுகிறார் என்று நினைத்தேன்.

"தங்க இலையை எடுக்கணுங்கிறீங்க?"

"ஆமா சார்."

"ஆடிட் முடியட்டுமே டீச்சர்."

"திங்கக்கிழமை காலையில அவங்க வேலைக்குப் போறாங்க சார். அதுக்குள்ள எதாவது ஆயிடுச்சுன்னா நம்ம பேரைத்தான் சொல்லுவாங்க."

நம்ம பேர் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் யோசித்தார். "விழிப்புணர்வு முகாம்னு போட்டுக்கலாமா? போட்டோ எடுக்கலாம்ல?" என்று கேட்டார். எடுக்கலாம் என்றேன். என்ன தலைப்பு வைப்பது என்று தடுமாறி, பிறகு அவரே, "மூடநம்பிக்கை ஒழிப்புன்னே வச்சுக்கலாம், இரண்டாம் கட்டம்" என்றார். கடைசியில், 'மேற்படி பொருளுக்குச் சேதம் ஏற்பட்டால் பொறுப்பு என்னுடையதே' என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு சாவி தர சம்மதித்தார். அந்த வாரம் எல்லோருக்கும் எல்லாமே எழுத்தில் வேண்டியிருந்தது.

எண்ணெய்த் தலையும் நைலான் சேலையும்

ஞாயிற்றுக்கிழமை மூன்று பேர்தான் வந்தார்கள். நாலாவது ஆள் பேச்சியம்மாள், சொந்தக்காரப் பெண்ணின் சடங்குக்காக மல்லாங்கிணறு போய்விட்டாராம். போன் அடித்தால் எடுக்கவில்லை. மைக் செட் சத்தத்தில் எங்கே காதில் விழப்போகிறது? திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் வந்து நேரே வேலைக்குப் போவார் என்றார்கள்.

மாரிச்செல்வியும் வந்திருந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் ஓரமாக நின்றாள்.

தலைமையாசிரியர் இரும்புப் பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் நிலைமின்காட்டியை ஏந்தி வந்து மேஜையில் வைத்தார். தேய்ப்பதற்கென்று கூடவே வந்திருந்த பட்டுத் துணியைப் பூச்சி அரித்திருந்தது. இத்தனை பூட்டுக்குள்ளும் பூச்சி போயிருக்கிறது. கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தேன். என் வாழ்க்கையில் முதல்முறையாக அந்தச் சோதனையைச் செய்யப்போகிறேன். சீப்பைத் தலையில் நன்றாகத் தேய்த்துத் தட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன்.

இலைகள் அசையவில்லை.

மறுபடி தேய்த்தேன். அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று காலையில் தலையில் எண்ணெயைக் கொட்டித் தேய்த்திருந்தேன். எண்ணெய்த் தலையில் எங்கே மின்னூட்டம் வரும்? பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்தார்கள். தலைமையாசிரியர் படம் எடுப்பதை நிறுத்தினார். இது நடக்காவிட்டால் நாளைக் காலை அவர்கள் தகட்டைத் தொடாமல்தான் உள்ளே போவார்கள்.

"அம்மா சேலையில தேயுங்க டீச்சர்" என்றாள் மாரிச்செல்வி.

கம்பெனிக்கு எல்லோரும் பருத்திச் சேலைதான் கட்ட வேண்டும். கேட்டிலேயே பார்த்துத்தான் விடுவார்கள். அன்று லீவு நாள் என்பதால் காளீஸ்வரி பளபளக்கிற நைலான் சேலையில் வந்திருந்தார். முந்தானை நுனியில் சீப்பை வைத்து நாலைந்து முறை தேய்த்து, தட்டில் வைத்து இழுத்தேன்.

இரண்டு இலைகளும் விரிந்தன. சீப்பை எடுத்த பிறகும் விரிந்தே நின்றன.

"ஆத்தீ" என்றார் ஒருவர். "எஞ் சேலையிலயா இம்புட்டு இருக்கு?" என்றார் காளீஸ்வரி.

"மாரிச்செல்வி, இப்ப நீ தட்டைத் தொடு."

அவள் உள்ளங்கையை வைத்தாள், அன்றைக்குக் கம்பிக் கதவில் வைத்த மாதிரியே. இலைகள் இரண்டும் சட்டென்று சேர்ந்து விழுந்தன.

காளீஸ்வரி என் கையிலிருந்து சீப்பை வாங்கினார். தானே தேய்த்தார், தானே இழுத்தார், இலை விரிந்தது. தானே தொட்டார், விழுந்தது. மறுபடியும் செய்தார். எத்தனை முறை என்று தெரியாது, போதும் என்று அவருக்குத் தோன்றும் வரை செய்தார்.

"அப்ப அந்தத் தகடும் இதுதானா?"

"இதேதான்மா."

"காட்டன் சேலை கட்டச் சொல்றது?"

"அதுவும் இதுக்குத்தான்."

பிறகு மாரிச்செல்வியைப் பார்த்துச் சொன்னேன். "நீ செஞ்சதுதான் சரி. நான்தான் தப்பாச் சொன்னேன். அத்தனை பேர் முன்னாடி உன்னை அப்படி நிக்க வச்சிருக்கக் கூடாது." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். காளீஸ்வரி பரவாயில்லை டீச்சர் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அதற்குள் இன்னொரு பெண், உள்ளே என்னதான் இருக்கிறது என்று பார்க்க, குடுவையைத் தூக்கிக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். ஒரு இலை கிழிந்து அடியில் விழுந்தது.

"தங்கம்!" என்று அலறினார் தலைமையாசிரியர்.

அவர் அந்த அதிர்ச்சியில் இருக்கும்போதே நான் லெட்டரை எழுதி நீட்டினேன். படிக்காமலேயே சீல் வைத்துக் கொடுத்துவிட்டார். அதில் நான் எழுதியிருந்தது இவ்வளவுதான்: 'தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே போவது மூடநம்பிக்கை அல்ல. அதுவே அறிவியல். அதை மூடநம்பிக்கை என்று சொன்ன அறிவியல் ஆசிரியை நான்தான். இதற்கு நான் வருந்துகிறேன்.'

காரணம்

திங்கட்கிழமை காலை. எங்கள் பள்ளிக்குக் கொஞ்ச தூரத்தில் கம்பெனிகளின் வெடிகளை வெடித்துப் பார்க்கும் பொட்டல் ஒன்று உண்டு. அவ்வப்போது டம் என்று கேட்கும். பாடத்தை நிறுத்தாமல் நடத்திக்கொண்டே போவோம், பிள்ளைகளும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அன்று ஒவ்வொரு சத்தத்துக்கும் என் கை சாக்பீஸோடு நின்றது. மாரிச்செல்வியைப் பார்ப்பேன். அவளும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பேச்சியம்மாள் முதல் பஸ்ஸில் வந்திருப்பார். மற்றவர்களுக்கு முன்னால் வந்தாரா, பின்னால் வந்தாரா? யாராவது சொன்னார்களா? செல்போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

அந்த நேரத்தில்தான் தலைமையாசிரியர் உடைப்புப் பதிவேட்டோடு வந்தார். வெள்ளை வெளேரென்ற முதல் பக்கம். கோடு போட்டு வைத்திருந்தார். பொருளின் பெயர் எழுதினேன், சேதத்தின் விவரம் எழுதினேன். கடைசிக் கட்டத்தில் 'காரணம்' என்று இருந்தது. 'பயன்படுத்தியதால்' என்று எழுதினேன்.

அவர் பதறிவிட்டார். "ஐயோ டீச்சர், இப்படி எழுதுனா கேள்வி வரும். எலி கடிச்சதுன்னு போடுங்க. எலிக்கு ரூல்ல இடம் இருக்கு."

"எலி வரலையே சார். நாம எடுத்ததாலதான கிழிஞ்சது?"

"அதுக்குத்தான் ரூல்ல இடமில்ல."

எழுதியதை நான் அடித்துத் திருத்தவில்லை. அவரும் பதிவேட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பிறகு அவரே பக்கத்தில் 'எலி' என்று சின்னதாகச் சேர்த்திருந்ததை ஆடிட்டின்போது பார்த்தேன்.

அன்று பள்ளி விடும் வரை எந்தச் செய்தியும் வரவில்லை. அன்று இரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை மாரிச்செல்வி எனக்கு முன்பே வந்து, அன்று வகுப்பு நடக்க இருந்த ஆய்வகத்தின் வாசலில் காத்திருந்தாள். சிரித்தாள்.

"பேச்சியம்மாக்காவை வாசல்லயே அம்மா கையப் பிடிச்சு இழுத்துத் தகட்டுல வச்சாங்களாம் டீச்சர். அந்த அக்கா உள்ள காலை வைக்கப் போற நேரமாம். நாலு பேரும் தொட்டுட்டாங்க. உங்க லெட்டரை போர்மேன் தகட்டுக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டாராம்."

"நல்லது" என்றேன். உள்ளே போகத் திரும்பினேன். அவள் நகரவில்லை.

"அம்மா இன்னொண்ணும் சொல்லச் சொன்னாங்க டீச்சர்."

"என்ன?"

தரையைப் பார்த்தபடி, மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை ஒப்பிப்பது போல ஒரே மூச்சில் சொன்னாள். "இனிமே எதையாச்சும் தப்புன்னு சொல்றதா இருந்தா, அதைச் செய்றவுககிட்ட முதல்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிடச் சொன்னாங்க."

சொல்லிவிட்டு, உள்ளங்கையைக் கம்பிக் கதவில் வைத்து எடுத்து உள்ளே போனாள்.

"கேட்டுக்கிறேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றேன். என் கையும் கம்பியின் மேல்தான் இருந்தது.